உப்புத் தண்ணீரில் ஊறும் பல்செட்

என் மகன் சூசைக்கு,

போன வாரம் நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "சித்தப்பா, கல்யாணக் கார்டுல அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமா, வேண்டாமா? பொண்ணு வீட்டுல கேக்காங்க. அம்மாட்ட கேட்டா போனை வச்சிருதா." நான் இருமினேன். சிக்னல் சரியில்லை என்று எதையோ உளறி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது என்றுதான் தெரியவில்லை. பல்லைக் கழற்றிவிட்டுப் பேசினால் உனக்கு ஒன்றும் விளங்காது. மாட்டிக்கொண்டு பேசினால் எல்லாம் விளங்கும். ஆனால் அந்தக் குரலை, கடல் தாண்டி, ஒரு அறையில் தனியாக இருந்துகொண்டு நீ கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். மறுநாளே பதில் கிடைத்துவிட்டது. போனில் ஒரு நிமிடத்தில் முடிகிற அந்தப் பதிலை இப்படித் தாளில் எழுதுவது அதனால்தான். டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார். பகல் வெளிச்சத்தில் படி.

உன் சித்தப்பா எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வாத்தியாரிடம் இருந்த சரக்கு பாதியிலேயே தீர்ந்துபோனதுதான் காரணம். துறைமுகத்தில் கிரேனுக்குக் கைகாட்டுகிற வேலை பார்த்தேன். நான் கையைத் தூக்கினால் ஜெர்மன்காரன் கப்பலே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் சங்கு குளிக்கப் போன காலத்தில், ஒருநாள் நான் முங்கி மேலே வருவதற்குள் படகிலிருந்தவர்கள் எனக்காக ஒரு முழு ஜெபமாலை சொல்லி முடித்திருந்தார்கள். இதையெல்லாம் நீ சின்ன வயதில் வாயைப் பிளந்து கேட்டாய். வளர்ந்த பிறகு சிரித்துக்கொண்டு கேட்டாய். ஆனால் இனி எழுதப்போவதில் நான் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாமல் போனதுதான் கதையே.

உன் அப்பா, என் அண்ணன், தோணித் தண்டல். தோணிக்குத் தலைவன். வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போன தோணி திரும்பவில்லை. நீ அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாய். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. புறப்பட்ட அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் அம்மாவிடம், "ரோசி, போயிட்டு வாரேன்" என்றான். எல்லாரும் சொல்வதுதான். கூடப் போனவர்களின் வீடுகளில் ஒரு வருடத்துக்குள் ஆத்துமப் பூசை வைத்து அழுது முடித்துவிட்டார்கள். உன் அம்மா, என் மதினி, வைக்கவில்லை. நவம்பரில் ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். உன் அம்மாவும் போவார். தாத்தாவுக்கு ஏற்றுவார், ஆச்சிக்கு ஏற்றுவார், அண்ணனுக்கு மட்டும் ஏற்ற மாட்டார். நீ இதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். ஏன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது என் பல்லுக்கு வருகிறேன். வெற்றிலை, புகையிலை, அலட்சியம் என்று மூன்றும் சேர்ந்து ஒவ்வொன்றாக ஆட்டி எடுத்துவிட்டன. கடைசிப் பல்லும் போன பிறகு கன்னம் உள்ளே விழுந்தது. மூக்கும் தாடையும் சண்டைக்கு நிற்கிற மாதிரி நெருங்கின. பரோட்டாவைச் சால்னாவில் போட்டு அது கூழாகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கருவாட்டை மோந்து பார்ப்பதோடு சரி. கடிக்காமலே கரைகிற நம் ஊர் மக்ரூன் ஒன்றுதான் எனக்கு மரியாதை கொடுத்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பேச்சு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. டீக்கடையில் கதையைத் தொடங்கினால் கடைக்காரர் செல்லையா, "காத்துதான் வருது அண்ணாச்சி, கதை வரல. ஃபேனை நிறுத்துதேன், மறுபடி சொல்லும்" என்பார். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டு, நான் பேசும்போது பேப்பரைப் பிரித்துக்கொண்டார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசப் பழகினேன். பிறகு பேசாமலே இருக்கப் பழகினேன். உன் சித்தப்பா பேசாமல் இருந்தான் என்றால் நீ நம்ப மாட்டாய். பல் போனால் சாப்பாடு குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆளே குறைந்துவிடுகிறான், மகனே. உன் கல்யாணப் போட்டோவில் அப்படிக் குறைந்துபோய் நிற்க மனம் ஒப்பவில்லை. பல்செட் கட்டப் போனேன்.

பாளை ரோட்டில் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். நல்ல கை. குளிர்ந்த மாவுப் பசையை வாயில் அப்பி அச்சு எடுத்தார். பிறகு, "பழைய போட்டோ இருந்தா கொண்டு வாங்க சார், பல் தெரியச் சிரிச்ச போட்டோ. அதைப் பாத்து அதே மாதிரி வரிசை வச்சா உங்க முகம் உங்களுக்குத் திரும்பக் கிடைச்சிரும்" என்றார். என் போட்டோ எதிலும் நான் பல் காட்டியதில்லை. காட்டும்படி இருந்ததும் இல்லை. ஒன்று தெற்கே புன்னைக்காயலைப் பார்க்கும், ஒன்று வடக்கே வேம்பாரைப் பார்க்கும். எப்படியும் புதுப் பல் கட்டுகிறோம், நல்லதாகவே கட்டுவோமே என்று, தோணி மேல்தட்டில் நின்று உன் அப்பா சிரிக்கிற போட்டோவை எடுத்துக்கொண்டு போய், இளவயதில் நான் என்று கொடுத்துவிட்டேன். ஜாடையும் ஒன்றுதானே. டாக்டர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். அண்ணனுக்கு முன்பல் ஒன்றின் முனை உடைந்திருக்கும். நிச்சயதார்த்தத்தன்று மதினி பார்க்கிறார் என்று கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் போய் உடைத்துக்கொண்டது. அன்று முதல் சகர எழுத்து வருகிற இடத்திலெல்லாம் அவன் பேச்சில் ஒரு மெல்லிய சீழ்க்கை கேட்கும். ரோசி என்று கூப்பிட்டால் ஒருமுறை. சூசை என்று உன்னைக் கூப்பிட்டால் இரண்டு முறை. "இந்த உடைஞ்ச முனையைச் சரி பண்ணிரலாமா சார்?" என்று டாக்டர் கேட்டார். அது என் பல் இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட அப்படியே இருக்கட்டும் என்பது சுலபமாக இருந்தது. "என் முகத்துல உள்ளது எல்லாம் வேணும் டாக்டர்" என்றேன்.

முடிவாகக் கட்டுவதற்கு முன் பல்லை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாளைக்கு வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். நம் முகம் மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியுமாம். நான் தனியாகப் போனேன். அங்கே தலையை ஆட்டியதோடு சரி. கண்ணாடியைக்கூட நீட்ட விடவில்லை. மதினியைக் கூட்டிப் போயிருந்தால் எல்லாம் அந்த மெழுகோடு நின்றிருக்கும்.

பல் தயாரான அன்று டாக்டர் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். விழுந்த கன்னம் எழுந்திருந்தது. உதடு நிமிர்ந்திருந்தது. கண்ணாடியில் அண்ணன் இருந்தான். போட்டோவில் இருக்கிற இளவயது அண்ணன் இல்லை. நரைத்து, நெற்றி ஏறி, உயிரோடு இருந்திருந்தால் இன்றைக்கு எப்படி இருப்பானோ அப்படி. அவனுக்கு வந்தே சேராத வயதில் அவனை நான் பார்த்தேன். "பிடிச்சிருக்கா சார்?" என்றார் டாக்டர். "சரி" என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே சீழ்க்கை வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில், பழைய துறைமுகத்தின் பக்கம், கண்ணில் புரை விழுந்த பழைய தோணிக்காரர் ஒருவர் எதிரே வந்தார். என்னை வழிமறித்து, "தண்டலே, எப்பம் வந்தீரு? தோணி எங்கன கெட்டிருக்கு?" என்று கேட்டார். பத்துப் பேர் மயங்கி விழுந்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அவர் ஒருவர்தான். அவரும் விழவில்லை. நான் பதில் சொல்லாமல் நின்றதைப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மெதுவாக விலகிப் போனார்.

நாக்கு பழகுவதற்குத் தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மறுநாள் நடுப்பகல். உனக்குத் தெரியுமே நம் ஊர் வெயில், தெருவில் நிழலே இல்லாமல் வெள்ளையாகக் கிடக்கும். முன்னறையில் உட்கார்ந்து வானிலைச் செய்தியை எடுத்தேன். தென்கிழக்குத் திசையில் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று போட்டிருந்தது. வாசிக்க வாசிக்க அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. கதவுப் பக்கத்திலிருந்து மதினி கேட்டார். "எப்பம் வந்திய?"

நீ நம் வீட்டுப் பிள்ளை, உனக்கு விளக்க வேண்டியதில்லை. என்னை மதினி ஒருநாளும் 'வந்திய' என்று கேட்டதில்லை. அரை டவுசர் போட்ட காலத்திலிருந்தே என்னை ஏல என்றுதான் கூப்பிடுவார். மரியாதை கொடுத்துப் பேசியது ஒரே ஒரு ஆளோடுதான். நான் திரும்பாமலே பல்லைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, பிறகு திரும்பி அவரைப் பார்த்தேன். "ஏல, நீ இங்கனதான் இருக்கியா? சாப்பாடு வைக்கட்டுமா?" என்றார், சாதாரணமாக. அன்றிலிருந்து இதுதான் வழக்கமாகிவிட்டது. பல்லை மாட்டினால் "சாப்பிடுங்க, ஆறிரும்." கழற்றினால் "ஏல, தட்டைக் கழுவி வை." புத்தி கலங்கிவிட்டதோ என்று கவனித்துப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர்காரரிடம் சில்லறை விடாமல் வாங்குகிறார். உன் கல்யாணத்துக்கு யார் யாரை அழைப்பது என்று தெருத்தெருவாக ஒப்பிக்கிறார். ஒன்றும் கலங்கவில்லை. கலங்கியது நான்தான்.

வாயைப் பொறுத்தவரை பல்செட் ஒரு வரம் என்றுதான் சொல்வேன். முதல் வாரம் ஈறெல்லாம் புண். அண்ணத்தை மூடியிருப்பதால் குழம்பின் ருசி பாதிதான் தெரிந்தது, குமட்டலும் வந்தது. டாக்டர் இரண்டு இடத்தில் ராவிக் கொடுத்தார், சரியானது. பரோட்டாவைப் பிய்த்துக் கடித்தேன், கருவாட்டைக் கடித்தேன், நிமிர்ந்து தெருவில் நடந்தேன். அந்தத் தெம்பில் டீக்கடைக்குப் போய், சூறாவளியில் தனியாளாகக் கப்பலைக் காப்பாற்றிய கதையைத் தொடங்கினேன். சூறாவளி என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். சொல்வது அண்ணன் குரல். அவன் பிறந்ததிலிருந்து எதையும் கூட்டிச் சொன்னவன் இல்லை. கடலைப் பார்த்து இன்றைக்குப் போக வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தக் குரலில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "அன்னைக்குக் காத்து கொஞ்சம் பலமா இருந்துச்சு. கப்பல் கெட்டுன இடத்துலயே கெடந்துச்சு" என்று முடித்துவிட்டேன். செல்லையா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, பல்லு வந்துச்சு, கதை போச்சா?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் சிரித்துக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் தண்ணீர் விஷயம் ஒன்று. பல்செட்டைக் கழற்றினால் காயவிடக் கூடாது, தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மாதா படத்துக்குக் கீழே தட்டில் ஒரு கிளாஸில் குழாய்த் தண்ணீர் பிடித்துப் போட்டு வைப்பேன். ஒருநாள் எடுத்து மாட்டும்போது கரித்தது. மறுநாளும் கரித்தது. கிளாஸைத் தேய்த்துக் கழுவி, என் கையாலேயே புதுத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து மாட்டினேன். சங்கு குளித்தவன் நான். சாப்பாட்டு உப்புக்கும் கடலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அது கடல். கிளாஸின் அடியில் ஒரு சிட்டிகை மணல் கிடந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? நான் பெருக்காமல் சொல்கிற முதல் விஷயம், அதற்கும் எல்லாரும் ஃபேனை நிறுத்தியிருப்பார்கள்.

நீ போன் செய்த மறுநாள் மத்தியானம் மதினி சுறாப்புட்டு வைத்தார். அண்ணனுக்குப் பிடித்தது. நான் பல்லோடு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் பரிமாறிவிட்டு உள்ளே போகிறவர், அன்று கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். நான் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டேன். "சூசைக்குக் கல்யாணம் வச்சிருக்கு. கார்டு அடிக்கப் போறாங்க. நீங்க வாரியளா, வரலையா?"

மகனே, பொய் சொல்வதில் இந்தக் கடற்கரையில் எனக்கு இணை கிடையாது. வருவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படி வருவேன், எந்தத் தீவிலிருந்து, எந்தக் கப்பலில் என்பதெல்லாம்கூட மனதில் வரிசையாக வந்து நின்றது. பாவம், சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வெளியே வந்தது வேறு. "இல்ல ரோசி. நான் வரல." சீழ்க்கையோடு, அவன் பேசுகிற வேகத்தில், அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அதைச் சொன்னது நான்தான் என்று பைபிள் மேல் கைவைத்துச் சொல்ல என்னால் முடியாது.

மதினி என் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். பிறகு, "சாப்பிடுங்க, ஆறுது" என்றுவிட்டு உள்ளே போனார். நான் பல்லைக் கழற்றிக் கிளாஸில் போட்டுவிட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தார்.

"ஏல, அந்தப் பிள்ளைட்ட சொல்லிரு. காலஞ்சென்றன்னு போட்டுரட்டும்."

"மதினி, நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று பொக்கை வாயால் கேட்டேன்.

"தெரியாம என்ன? நீ பல்லக் கட்டிட்டு வந்து படியேறும்போதே தெரியும். அந்தப் பல்லு என் கண்ணு முன்னாலதான உடைஞ்சது."

"பின்ன ஏன் அவங்ககிட்ட பேசுத மாதிரிப் பேசுனீங்க?"

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாவ. தோணி வராதுன்னு ஊர்க்காரன் சொன்னான், துறைமுக ஆபீஸ்ல சொன்னான், சாமியாரும் சொன்னாரு. வாரேன்னு சொன்ன வாய் சொல்லலையே. இப்பம் சொல்லிட்டாவ. இனி என்ன?"

கிளாஸைக் காட்டிக் கேட்டேன். காலைப் பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போய்த் தினமும் ஒரு பாட்டிலில் பிடித்து வருகிறாராம். "இத்தனை வருசமா உப்புத் தண்ணியில கெடந்தவிய. நல்ல தண்ணி ஒத்துக்கிடுமா?" என்றார். அழவில்லை. ரசத்துக்குப் புளி போதாது என்கிற மாதிரிதான் சொன்னார். நான் என்று தெரியும் என்கிறார். அண்ணன் என்றும் தெரியும் என்கிறார். இரண்டும் ஒரே கிளாஸில் இருப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஆக, உன் கேள்விக்குப் பதில்: போடலாம். பொண்ணு வீட்டாரிடம் சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆத்துமப் பூசை வைக்கும்படி மதினியே கோயிலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இன்னொன்றும் கேட்டிருக்கிறார். குடும்பக் கல்லறையில் உன் அப்பாவுக்கென்று வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை, ஒரு எலும்புகூட. அதனால் இந்தப் பல்செட்டை வைக்க வேண்டுமாம். கொழும்பிலிருந்து அவன் வாங்கி வந்த சின்ன மரப்பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறார். பங்குச் சாமியார் முதலில் என்னைப் பார்த்தார், இது உன் கட்டுக்கதையா என்கிற மாதிரி. பிறகு மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெபம் சொல்ல வருகிறேன் என்றார்.

பல்லைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் அதுவும் கட்டுக்கதைதான். பரோட்டா போகும், டீக்கடை போகும், உன் கல்யாணப் போட்டோவில் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன். வேறு செட் கட்டலாம் என்கிறார் டாக்டர். உன் கல்யாணத்துக்குள் ஆகாது. அடுத்தமுறை மதினியைக் கூட்டிக்கொண்டு போவேன். தெற்கும் வடக்கும் பார்க்கிற என் கோணல் பல்லையே வைக்கச் சொல்வேன். அந்த வாயால் ஜெர்மன் கப்பல் கதையைச் சொன்னால்தான் கேட்கிறவனுக்கும் நன்றாக இருக்கும். உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நீயும் வாரேன் என்றுதான் சொல்வாய், எல்லாரையும் போல. சொன்னால் அது வீட்டில் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

பூசைக்கு ஒருநாள் முன்னாலேயே வந்துவிடு. பெட்டியை மகன்தான் தூக்க வேண்டும். கனம் இருக்காது. மூடுவதற்கு முன்னால் நான் ஒரே ஒருமுறை பல்லை மாட்டி உன் பெயரைக் கூப்பிடட்டுமா? அந்தக் குரலில் உன் பெயரை நீ எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய்; உனக்கு ஞாபகம் இருக்காது. பயமாக இருக்கிறது என்றால் இப்போதே சொல்லிவிடு, விட்டுவிடுகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மதினியிடம் கேட்டேன். பெட்டிக்குள் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"கூப்பிடட்டும். சூசை உன் மூஞ்சியப் பாத்துச் சித்தப்பான்னு சொல்லிரக் கூடாது. என்னப்பான்னு கேக்கச் சொல்லு. அதைக் கேட்டாத்தான் அவியளுக்குப் போக மனசு வரும்."

சொல்லிவிட்டேன்.

உன் சித்தப்பா